முடி வீட்டுக்குப் போகிறது

பென்சிலைத் தலைமுடிக்குள் செருக வேண்டும். பிறகு குனியச் சொல்ல வேண்டும். பென்சில் நழுவித் தரையில் விழுந்தால் அவர் வெள்ளையர். முடியிலேயே சிக்கி நின்றுவிட்டால் இல்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் காலத்தில் ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதையெல்லாம் சில நேரங்களில் இந்தச் சோதனை முடிவு செய்திருக்கிறது. இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. கறுப்பரா, கலப்பினத்தவரா என்ற சந்தேகம் வந்தால் பென்சிலைச் செருகிவிட்டுத் தலையை உதறச் சொல்வார்கள். உதறியதும் விழுந்தால் கலப்பினம். உதறியும் நின்றால் கறுப்பு.

சட்டப் புத்தகத்தில் தேடினால் இந்தப் பென்சில் கிடைக்காது. 1950ஆம் ஆண்டு வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் குடிமக்களை மூன்றாகப் பிரித்தது: வெள்ளையர், 'கலர்ட்', பூர்வகுடிகள். வெள்ளையர் யார் என்பதற்கு அது சொன்ன இலக்கணம், பார்த்தாலே வெள்ளையர் என்று தெரிபவர் அல்லது வெள்ளையர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்பதுதான். இலக்கணம் இவ்வளவு கொழகொழவென்று இருந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா என்ன செய்வார்? மேசைமேல் எது இருக்கிறதோ அதை எடுப்பார்.

நான் கேப் டவுனில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது நாகப்பட்டினம் பக்கம். கணவர் வீட்டார் 'கேப் கலர்ட்' என்று அரசு முத்திரை குத்திய சமூகத்தினர். அந்தச் சொல்லை வெறுப்பவர்களும் உண்டு, பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. என் மாமியார் இரண்டாவது வகை என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். எனக்கு ஒரு மகள். அவள் தலையைச் சீவ உட்காரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த வரலாற்றின் ஏதாவதொரு முனை சீப்பில் மாட்டிக்கொள்கிறது.

முதலில் அந்தத் தலைக்கு வருவோம். நெற்றியோரம் மெல்லிய அலை. உச்சியில் ஸ்பிரிங் போலச் சுருள். பிடரியில், சுருளுக்குள் சுருளாக விரல் நுழையாத அடர்த்தி. கலப்புப் பரம்பரையில் வந்தவர்களிடம் இப்படி ஒரே தலையில் மூன்று வகை முடி இருப்பது சகஜம். முடி சுருள்வதும் நேராக நிற்பதும் தோலுக்குள் அதன் வேர்க்குழி எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குழி நேராக இருந்தால் முடி உருண்டையாக, நேராக வெளியே வரும். குழி வளைந்திருந்தால் முடி தட்டையாக, முறுக்கிக்கொண்டு வரும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருள் முடியில் முதல் வளைவிலேயே நின்றுவிடும். அதனால் நுனி காய்ந்து, செதில் தூக்கி, காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பிக்கொள்ளும். இதைத்தான் நம் ஊரில் பரட்டை என்கிறோம். '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்துக்கு அந்தப் பெயரை வைத்தபோது அவர் எப்படிப்பட்ட ஆள் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனைக்கும் 'சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்' என்று எங்கள் பாட்டி சொல்வார். சுருட்டைக்கு மரியாதை, பரட்டைக்கு வசை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கை எண்ணெயும் ஒரு மணி நேரமும்தான்.

இந்த மூன்று வகை முடியும் ஒரு தலைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், கப்பல்களைத்தான் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றதும் நமக்கு 1860 நினைவுக்கு வருகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், நேட்டால் கரும்புத் தோட்டங்கள், பிறகு காந்தி. அதற்கு இருநூறு வருடம் முன்பே நம் கரையிலிருந்து ஆட்கள் கேப் பகுதிக்குப் போயிருக்கிறார்கள், அடிமைகளாக. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் அங்கே தளம் அமைத்தது. 1658 முதல் அடிமைகளைக் கப்பல் கப்பலாக இறக்கியது. 1808இல் அந்த வியாபாரம் நிற்கும்வரை வந்தவர்கள் சுமார் 63,000 பேர் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஷெல் கணக்கிட்டார். ஏறத்தாழ கால் பங்கு ஆப்பிரிக்கப் பெருநிலம், கால் பங்கு மடகாஸ்கர், கால் பங்கு இந்தோனேசியத் தீவுகள், மீதிக் கால் பங்கு இந்தியா: வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. பஞ்சம் வந்தால் அந்தத் துறைமுகங்களில் மனிதர்கள் மலிவாகக் கிடைத்தார்கள். வாங்கியவர்கள் பழைய பெயரை அழித்து, ஒரு கிறிஸ்தவப் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஒட்டினார்கள். 'வான் பெங்காலா', 'வான் டி கஸ்ட்' (அதாவது கரையைச் சேர்ந்தவர்) என்றெல்லாம் பழைய ஏடுகளில் வருவது இவர்களைத்தான்.

இவர்களும், அந்த மண்ணின் கோய்கோய் மக்களும், டச்சுக்காரர்களும், ஜெர்மானியரும் கலந்து பிறந்தவர்களே பின்னாளில் கலர்ட் என்று எழுதப்பட்டார்கள். வெள்ளையர் என்று எழுதப்பட்டவர்கள் மட்டும் கலக்காமல் இருந்தார்களா? வங்காளத்திலிருந்து அடிமையாக வந்த ஏஞ்சலா 1666இல் விடுதலை பெற்று, 1669இல் பாஸன் என்ற வெள்ளையரை மணந்தார். இன்றைக்கும் வெள்ளை ஆஃப்ரிகானர் குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளியில் அந்தப் பெண்மணி இருக்கிறார். ஆஃப்ரிகானர் ரத்தத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்தது என்று 1971இல் ஹேஸ என்ற அவர்களுடைய ஆய்வாளரே எழுதினார், அதுவும் நிறவெறி உச்சத்தில் இருந்தபோது. பென்சிலைச் செருகியவர் தலையிலும் நம் கடற்கரை கொஞ்சம் இருந்திருக்கலாம்.

முடியை வைத்து மனிதரை அளப்பது குமாஸ்தாக்களின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அவர்களுக்கு முன்னே பேராசிரியர்கள் இருந்தார்கள். ஓய்கன் ஃபிஷர் என்ற ஜெர்மன் மானுடவியலாளர் முடியின் நிறத்தை அளக்க ஒரு பெட்டி செய்தார். தட்டையான உலோகப் பெட்டி, திறந்தால் வரிசையாக 30 முடிக்கற்றைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். துணிக்கடையில் ரவிக்கைத் துணிக்குப் பொருத்தம் பார்ப்பது போல ஒருவர் தலையருகே பிடித்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். 1908இல் இவர் இன்றைய நமீபியாவிலுள்ள ரெஹோபோத்துக்குப் போனார். அங்கே வாழ்ந்தவர்கள் கேப் பகுதியிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த கலப்பினத்தார். டச்சுவழித் தந்தையர், கோய்கோய் தாய்மார். அவர்களின் மூக்கையும் கண்ணையும் முடியையும் அளந்து 1913இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். கலப்பு மணம் இனத்தைக் கெடுக்கும் என்பது அதன் சாரம். பிறகு பெர்லினில் மானுடவியல் நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரானார். 1937இல் நாஜி அரசு, ஜெர்மானியத் தாய்மாருக்கும் ஆப்பிரிக்கப் படைவீரர்களுக்கும் ரைன் பகுதியில் பிறந்த சுமார் 400 பிள்ளைகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. அந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதியவர்களில் அவருடைய நிறுவனத்து ஆட்கள் இருந்தார்கள்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று 2013இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கிடைத்தது. கண் நிற அட்டை ஒன்றும் ஒரு மண்டையோடும் கூடவே இருந்தன. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டெல்லன்போஷ் காரில் முக்கால் மணி நேரம். திராட்சைத் தோட்டங்கள் பார்க்க விருந்தினரை அழைத்துப் போகும் ஊர். நிறவெறிக் கொள்கைக்குச் சித்தாந்தம் தந்தவர்களில் பலர் படித்ததும் பாடம் நடத்தியதும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். செய்தியைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அந்த 30 கற்றைகளில் எதன் அருகே என் மகளின் முடியைப் பிடித்திருப்பார்கள் என்ற யோசனைதான் வந்தது. கூடவே, அவள் தலைக்கு ஒரு எண் போதாதே என்றும்.

சட்டம் வந்த பிறகு இந்த அளவை வீடுகளுக்குள் நுழைந்தது. என் மாமியார் 1944இல் பிறந்தவர். அவருக்கு மூத்தவர் ஒரு அக்கா. ஒரே அப்பா, ஒரே அம்மா. அக்காவுக்கு வெளிர் நிறம், பழுப்பு முடி, சீப்பு போட்டால் தடங்கலில்லாமல் இறங்கும். 60களின் தொடக்கத்தில் அவர் வெள்ளையராகப் பதிவு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தார். கொடுத்துவிட்டார்கள். பென்சில் வைத்தார்களா என்று மாமியாருக்குத் தெரியாது. "வச்சிருந்தாலும் விழுந்திருக்கும்" என்பார். அதன் பிறகு அக்கா வெள்ளையர் பகுதிக்குக் குடிபோனார். ஒருமுறை அட்லி தெருவில் எதிரே வந்தபோது, தங்கையைப் பார்த்ததும் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டார். தங்கையோடு நின்று பேசுவதை யாராவது பார்த்தால், 'பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்' என்ற தகுதி போய்விடும் இல்லையா? அம்மா செத்ததற்கும் அவர் வரவில்லை. கல்லறைக்கு யாரோ மறுநாள் பூ வைத்துவிட்டுப் போனார்கள் என்பதோடு கதை முடிகிறது.

இதை மாமியார் கோபமில்லாமல்தான் சொல்வார். "அவளுக்கு முடி கிடைச்சது, எனக்கு அம்மா கிடைச்சா" என்று ஒருமுறை சொன்னார். நான் அதற்கு மேலே கேட்கவில்லை.

இப்படி இனம் மாறியவர்களின் கணக்கை அரசு ஆண்டுதோறும் கூச்சமில்லாமல் வெளியிட்டது. 1985ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 702 கலர்ட்கள் வெள்ளையர் ஆனார்கள். 19 வெள்ளையர் கலர்ட் ஆனார்கள். 50 இந்தியர் கலர்ட் ஆக, 43 கலர்ட்கள் இந்தியர் ஆனார்கள். கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஆகவில்லை, வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஆகவில்லை. இந்தியர் விஷயத்தில் முடி உதவாது. நம் ஆட்களில் பலர் தலையில் பென்சில் நிற்காது, வழுக்கிக்கொண்டு விழும். ஆனாலும் தோலைப் பார்த்ததுமே கதவு சாத்தியாயிற்று. ஆக முடி என்பது எல்லையோரத்தில் நின்றவர்களுக்கு மட்டுமே வைத்த தேர்வு.

எல்லைக்கு உள்ளே இருந்தவர்களையும் அது வெளியே தள்ளியது. பீட் ரெட்டீஃப் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த வெள்ளை ஆஃப்ரிகானர் தம்பதிக்கு 1955இல் பிறந்தவர் சாண்ட்ரா லெய்ங். பெற்றோர் வெள்ளையர், சகோதரர்கள் வெள்ளையர். இவருக்கு மட்டும் பழுப்புத் தோல், இறுகச் சுருண்ட முடி. எந்தத் தலைமுறையிலோ கலந்தது இவரிடம் எட்டிப் பார்த்திருக்கிறது. 1966இல், பத்து வயதில், போலீஸ்காரர்கள் வந்து பள்ளியிலிருந்து கூட்டிப் போனார்கள். கலர்ட் என்று பதிவை மாற்றினார்கள். தந்தை நீதிமன்றம் ஏறினார், ரத்தப் பரிசோதனைக்கும் உட்பட்டார். 1967இல், பெற்றோர் இருவரும் வெள்ளையரானால் பிள்ளையும் வெள்ளை என்று சட்டம் திருத்தப்பட்டு சாண்ட்ரா மறுபடி வெள்ளையர் ஆனார். காகிதத்தில். வெள்ளைப் பிள்ளைகள் அவரோடு விளையாட வரவில்லை. பிறகு அவர் ஒரு கறுப்பரோடு வீட்டைவிட்டுப் போனார். தந்தை கடைசிவரை மன்னிக்கவில்லை. மகளுக்காக அரசோடு மல்லுக்கட்டிய அதே மனிதர்தான். அவர் போராடியது மகளுக்காகவா, தன் வெள்ளைக்காகவா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

இவ்வளவும் ஆண்களின் அலுவலகங்களில் நடந்தது. வீட்டில் இதைச் சமாளித்தவர்கள் பெண்கள். கேப் கலர்ட் குடும்பங்களில் இரண்டு சொற்கள் உண்டு. நேர்முடிக்கு ஒன்று, இறுகச் சுருண்ட முடிக்கு 'க்ரூஸ்'. குழந்தை பிறந்ததும் முதலில் காதோரத்துத் தோல் நிறம் பார்ப்பார்கள், அப்புறம் முடி. நாம் மட்டும் யோக்கியமா? பிரசவ அறையில் 'பிள்ளை நிறமா இருக்கா?' என்று கேட்காத குடும்பம் எது?

க்ரூஸ் முடியை நேராக்குவது சனிக்கிழமை வேலை. மாமியார் சின்னப் பெண்ணாக இருந்தபோது ப்ரைமஸ் அடுப்பில் இரும்புச் சீப்பைக் காய்ச்சி, காகிதத்தில் வைத்துச் சூடு பார்த்து இழுப்பார்களாம். காதுமடலில் அவருக்கு இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. பிறகு ரோலர்கள் வந்தன. முடியை அலசி, பெரிய ரோலர்களில் இறுக்கிச் சுற்றி, முழுக்கக் காயவைத்து, அவிழ்த்து வாரி, அதோடு முடியாமல், தலையைச் சுற்றிலும் பாம்பு சுருண்ட மாதிரி ஒரே திசையில் முடியைப் படியப் படியச் சீவி ஊசி குத்துவார்கள். பழைய நைலான் காலுறையின் கால் பகுதியை வெட்டி, நுனியில் முடிச்சுப் போட்டு, தொப்பி மாதிரி அதன்மேல் இழுத்து மாட்டுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து எதிர்த்திசையில் சுற்றி மறுபடி மாட்ட வேண்டும். இதற்கு 'ஸ்வர்ல்கோஸ்' என்று பெயர். ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும்போது கழற்றினால் முடி பட்டு மாதிரி விழும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவர் சமையலறையில் ஒருவர் கூடி மாற்றி மாற்றிச் செய்துகொள்வார்கள். வம்பு, அழுகை, கடன் விவகாரம் எல்லாம் அங்கேதான். அந்தச் சமையலறைகளை மாமியார் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்வார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிமைத்தனம் என்று ஒற்றை வார்த்தையில் அதை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதன் வேதியியல் எளிது. முடிக்குள்ளே இரண்டு வகைப் பிணைப்புகள். ஒன்று தண்ணீர் பட்டாலே அறுந்து, காயும்போது புதிய வடிவில் மறுபடி சேர்வது. ரோலரும் காலுறையும் இதைத்தான் ஏமாற்றுகின்றன. இன்னொன்று கந்தகப் பிணைப்பு, தண்ணீருக்கு அசையாது. அதை உடைக்கக் காரம் வேண்டும். கடையில் 'ரிலாக்ஸர்' என்று விற்ற பசையில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு, சாக்கடை அடைப்பு எடுக்கப் போடுகிறோமே, அதே காஸ்டிக் சோடா. அது வேலை செய்யும்போது தலைத்தோல் எரியும். எரியத் தொடங்கிய பிறகும் இன்னும் இரண்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் நேராகும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அடிக்கடி ரசாயனம் போட்டு முடியை நேராக்கும் பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று 2022இல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

காலுறை முறையில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அதற்கு எதிரி வானம். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் வரும். வடமேற்குக் காற்று தூறலைக் கொண்டுவந்து முகத்தில் அடிக்கும். மலைமேல் மேகம் இறங்கினாலே போதும், காற்றின் ஈரம் அந்த முதல் வகைப் பிணைப்பை அறுத்துவிடும். காலையில் பட்டாக இருந்தது மதியத்துக்குள் வேரிலிருந்து சுருளத் தொடங்கும். அப்போது கேப் பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஆஃப்ரிகான்ஸில் கத்துவது: 'ஐயோ, என் முடி வீட்டுக்குப் போகுது!' சமூகவியலாளர் ஜிமிட்ரி எராஸ்மஸ் இதையே தலைப்பாக வைத்து 1997இல் ஒரு நல்ல கட்டுரை எழுதினார். முடியை நேராக்கும் பெண்களையெல்லாம் வெள்ளையரைப் போலாக ஏங்குகிறவர்கள் என்று எளிதாகத் தீர்ப்பெழுத முடியாது என்பது அவர் கட்சி. எனக்கு அந்தச் சொலவடையே போதும். முடிக்கு ஒரு வீடு இருக்கிறது, அது எங்கே என்று அதற்குத் தெரிகிறது. வீடிருந்த பேட்டையே இல்லாமல் போன ஜனங்கள் இதைச் சொல்கிறார்கள் பாருங்கள். மாமியார் வளர்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, சுமார் 60,000 பேரை அகற்றி, புல்டோசரால் தரைமட்டமாக்கினார்கள்.

மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991இல் ரத்தானது. பென்சில் பென்சிலாக மட்டும் ஆயிற்று. பள்ளிக்கூட விதிகள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 2016 ஆகஸ்டில், முன்பு வெள்ளையருக்கு மட்டுமே இருந்த பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், தங்கள் முடியை 'ஒழுங்கு' செய்யச் சொல்வதை எதிர்த்து மாணவிகள் போராடினார்கள். முன்னால் நின்ற ஸுலைகா படேலுக்கு வயது 13. முடி தொடர்பான விதியை மாகாணக் கல்வி அமைச்சர் நிறுத்திவைத்தார். 2020இல் ஒரு மருந்துக்கடைச் சங்கிலியின் இணையதளத்தில் ஷாம்பூ விளம்பரம் ஒன்று வந்தது. கறுப்புப் பெண்களின் படங்களுக்குக் கீழே வறண்டது, சேதமானது, பரட்டை என்று குறிப்பு. வெள்ளைப் பெண்ணின் படத்துக்குக் கீழே 'இயல்பானது'. நாடே கொந்தளித்துக் கடைகள் மூடப்பட்டன. எனக்குப் பட்டது, ஃபிஷருடைய பெட்டியை இன்னும் யாரோ திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது.

எங்கள் வீட்டில் மகள் தலைக்காக இரண்டு கட்சிகள் சண்டை போட்டன. ஊரிலிருந்து என் அம்மா வீடியோவில், "என்னடி பிள்ளையைப் பரதேசி மாதிரி விட்டிருக்க? எண்ணெயை வச்சு இறுக்கி ரெண்டு பின்னல் போடேன்" என்பார். இந்தப் பக்கம் மாமியார், "ஒரே ஒரு தடவை சுத்தி விடறேனே, பள்ளிக்கூடப் போட்டோவுக்கு மட்டும்" என்பார். இரண்டு பேருக்கும் அவள்மேல் ஆசைதான். இரண்டு பேரும் கடைசியில் கற்றுக்கொண்டது இதுதான்: காய்ந்த முடியில் சீப்பு வைக்கக் கூடாது. நனைத்து, கண்டிஷனரை அள்ளிப் பூசி, விரலாலேயே நுனியிலிருந்து சிடுக்கெடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். அகலப் பல் சீப்பு அப்புறம்தான். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பனியனால் ஒற்ற வேண்டும். ஈரம் போவதற்குள் ஒரு துளித் தேங்காயெண்ணெய். அது மேலே படிவதோடு நிற்காமல் முடிக்கு உள்ளேயே போகக்கூடியது என்பதில் அம்மாவுக்கு ஏக வெற்றி. இரவில் பட்டுத்துணி உறை. ஆக மொத்தம் இரண்டு மணி நேரம், ஏராளமான தண்ணீர்.

தண்ணீர்தான் 2018இல் இல்லாமல் போனது. மூன்று வருட வறட்சியில் அணைகள் வற்றி, பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று நகராட்சி அளந்துவிட்டது. மகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் நிற்கவைத்துத் தலையை அலசி, அந்த நுரைத் தண்ணீரைக் கழிவறைக்கு எடுத்து வைப்போம். வாரம் ஒரு முறை என்பது இரண்டு வாரம் ஒரு முறை ஆயிற்று. மாமியார் ஒருத்தர்தான் உள்ளூரச் சந்தோஷமாக இருந்தார். "மூணு குளிர்காலமா என் முடி வீட்டுக்கே போகலை" என்பார்.

அந்த வருடம் மழை வந்தது. முதல் பெருமழை அன்று தெருவில் எல்லோரும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். மாமியார் ஸ்கார்ஃப் இல்லாமல் கேட் அருகே நின்று, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நனைந்தார். பிறகு உள்ளே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, தன் காலுறையை எங்கே வைத்தேன் என்று இழுப்பறையில் தேட ஆரம்பித்தார்.